கண்மாய் மண் ஒரு பிடி

"செத்தவங்க திரும்பி வருவாங்களா?"

கண்மாய்க்கரைக்கு வந்து மூன்று மாதத்தில் வெள்ளைக்கண்ணு வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

கொத்தனார் அவன். மனைவி சிந்தாமணி பிரசவத்தில் போய்விட்டாள். பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது. மச்சினி தூக்கிக்கொண்டு போனாள். அவன் அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கொள்ளி வைத்த கையோடு இங்கே வந்துவிட்டான்.

அவன் கேட்டது மெய்யம்மையிடம். அவனைவிடப் பத்து வயது சின்னவள். மீன்பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த வறண்ட கண்மாய்க்கரைக்கு வந்து துறவியாக இருந்தாள்.

எழுந்து கண்மாய்க்குள் இறங்கினாள். வெடித்துக் கிடந்த மண்ணில் ஒரு பிடி பெயர்த்து வந்து வாளியில் போட்டாள். கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள்.

"பாத்துக்கிட்டே இருங்க."

முதல் நாள் வெறும் கலங்கல். மறுநாள் மண் அடியில் படிந்தது. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலையில் தண்ணீருக்குள் ஏதோ துள்ளியது. கடுகில் கால்வாசிகூட இருக்காது. பிறகு இன்னொன்று. பிறகு ஏழெட்டு.

"அம்மா! உயிரு!"

"தண்ணித் தெள்ளுப் பூச்சி. மீன்குஞ்சு இதைத்தான் திங்கும்."

"நாலு வருசமாக் காய்ஞ்ச மண்ணும்மா இது!"

"ஆமா."

"அப்ப செத்தது திரும்பி வருது."

மெய்யம்மை வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்மாய் நிறைஞ்சு கிடந்தப்ப இதுங்க அத்தனையும் பொட்டை. ஆண் துணை இல்லாமலே பெத்துக்கிட்டு இருந்துச்சுங்க. தண்ணி வத்த ஆரம்பிச்சதும்தான் ஆணும் பிறந்துச்சு. ரெண்டும் சேர்ந்துச்சு. தாய் தன் முதுகுச் சட்டைக்குள்ள ரெண்டே ரெண்டு முட்டையைப் பொத்தி வச்சுச்சு."

"அப்புறம்?"

"முட்டையோட சட்டையைக் கழட்டிச் சேத்துல விட்டுச்சு. தண்ணி வத்துச்சு. செத்துப்போச்சு."

வெள்ளைக்கண்ணு வாளிக்குள் குனிந்து பார்த்தான்.

"இதுல அந்தத் தாய் எது?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல. அது வராது. இதெல்லாம் அது விட்டுட்டுப் போன முட்டையில பொரிஞ்சதுங்க."

அவன் எழுந்தான். திடீரென்று வாளியைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனான்.

"அப்ப இதுங்க எனக்கு எதுக்கு?"

மெய்யம்மை தடுக்கவில்லை.

வாளியைச் சாய்த்தான். தண்ணீர் விளிம்புக்கு வந்தது. அதோடு அந்தப் பொடி உயிர்களும் விளிம்புக்கு வந்து துள்ளின. கை நின்றுவிட்டது.

மெல்ல வாளியைக் கீழே வைத்தான். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இதுங்களுக்குச் சாப்பிட என்ன போடணும்?"

"உங்க மகளுக்கு இப்ப என்ன கொடுக்கிறாங்க?" என்றாள் மெய்யம்மை.

வெள்ளைக்கண்ணுவுக்குத் தெரியவில்லை.