கத்தரித் தோட்டத்தில் இறங்கிய இரண்டு வல்லரசுகள்

மட்டியூர் ஆண்களுக்கு மூளை இல்லை என்று சொன்னால் பாவம். இருந்தது, எடுத்துச் செலவழிக்கத்தான் மனசு வரவில்லை. சரித்திர வாத்தியார் ஒருவர், "அமெரிக்காவை ஸ்பெயின்காரனும் இங்கிலீஷ்காரனும் பிடித்த மாதிரி நீங்களும் எதையாவது போய்ப் பிடிங்கடா" என்று எரிச்சலில் சொல்லித் தொலைத்தார். விடிந்ததும் இரண்டு கோஷ்டி கிளம்பிவிட்டது. அமெரிக்கா தூரம் என்பதால், பக்கத்திலிருந்த செங்கமலத்தின் கத்தரித் தோட்டத்துக்கு.

செங்கமலம் அங்கே தலையில் கைவைத்து நின்றாள். மோட்டார் கருகிவிட்டது. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் விடாவிட்டால் செடி அத்தனையும் போச்சு.

முதலில் ஸ்பெயின் கோஷ்டி இறங்கியது. ஸ்பெயின்காரன் இறங்கிய இடத்திலெல்லாம் அந்த ஊர்க்காரனுக்குப் புரியாத பாஷையில் ஒரு சாசனம் வாசித்துத்தான் பிடித்தானாம். தலைவன் ஒச்சப்பனும் மிக்ஸிப் பெட்டியில் கிடந்த இந்தித் தாளைப் பிரித்து உரக்க வாசித்தான். அந்த எழுத்து அவனுக்கும் தெரியாது, இஷ்டத்துக்கு இழுத்தான்.

"புரிஞ்சுதாக்கா?"

"ஒரு எழவும் புரியல."

"அப்ப சட்டப்படி சரி. இனிமே நீங்க எங்க ராஜாவோட பிரஜை."

அதற்குள் வெள்ளைச்சாமியின் இங்கிலீஷ் கோஷ்டி தோட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டது. "காலி நிலம்! ஈ காக்கா இல்லை!" என்று கூவினான் அவன்.

"கண்ணு அவிஞ்சுபோச்சாடா? நான் நிக்கிறேனே!"

"நீங்க நிக்கிறீங்கக்கா. வேலி நின்னுச்சா? வேலி போடாதவங்க கணக்குல வரமாட்டாங்க."

யார் பிடித்தது செல்லும்? ஆலோசனை நடந்தது.

"எங்களுக்கு ஆள் போதும்பா. வேலை வாங்கி, நம்ம சாமியைக் கும்பிட வைக்கணும்" என்றான் ஒச்சப்பன்.

"எங்களுக்கு நிலம் போதும். ஆள் இருந்தா தொல்லை" என்றான் வெள்ளைச்சாமி.

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாகரிகமானவர்கள் பிறத்தியார் சொத்தைச் சண்டையில்லாமல்தான் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

விளக்குமாற்றைத் தேடிய செங்கமலத்தின் கை பாதியில் நின்றது.

"ஏன்டா வெள்ளைச்சாமி, பிடிச்ச நிலத்துல இங்கிலீஷ்காரன் என்ன செஞ்சான்?"

"குடும்பத்தோட வந்து பயிர் வளர்த்தான்க்கா."

"உன் பயிர் வாடுதே, பார்த்துக்கிட்டு நிக்கிறே? குடத்தை எடு!"

இங்கிலீஷ் கோஷ்டி கிணற்றுக்கு ஓடியது.

"ஒச்சப்பா, பிரஜையை ராஜா என்ன செய்யணும்?"

"காப்பாத்தணும்க்கா."

"வெயில் மண்டையைப் பிளக்குது. காப்பாத்து."

ஒருவன் குடை பிடித்தான், ஒருவன் விசிறினான், ஒச்சப்பன் காபி வாங்கப் போனான்.

சாயங்காலம் செடிகள் நிமிர்ந்துவிட்டன. குடை பிடித்த கையும் குடம் இழுத்த கையும் கொப்புளித்துப்போக, வென்றவர்கள் எல்லாரும் செங்கமலத்தின் காலில் விழுந்தார்கள்.

"அக்கா, எங்களுக்குச் சுதந்திரம் வேணும்."

"அதெல்லாம் ஆகஸ்ட் பதினஞ்சுலதான் கிடைக்கும். அதுவரைக்கும் களை எடுங்க."

வெள்ளைச்சாமி யோசித்தான். "இப்ப என்ன மாசம்?"

"செப்டம்பர்" என்றான் ஒச்சப்பன்.

"அடேய், அப்ப நமக்குப் போன மாசமே விடுதலை ஆயிடுச்சுடா!"

விசில் பறந்தது. மறுநாள் காலையில், சுதந்திர மனிதர்களாக, இரட்டைச் சுறுசுறுப்போடு வந்து களை எடுத்தார்கள்.