ஊற்றங்கரையில் கால் பார்த்த பன்றி

கோடை வந்தால் அந்தக் காட்டாறு வற்றிவிடும். பன்றிகள் ஆற்று மணலைத் தோண்டி ஊற்று எடுக்கும். தண்ணீர் சுரந்ததும் முதலில் சிங்கம் குடிக்கும். பிறகு காட்டெருமை, மான், நரி. எல்லாரும் குடித்துப் போன பிறகு மிஞ்சும் கலங்கலைப் பன்றிகள் குடிக்கும். இதற்கு முறை என்று பெயர்.

சிங்கம் செத்துப்போனது. காட்டில் கூட்டம் போட்டார்கள். மேல் கீழ் இனி கிடையாது, யார் முதலில் வந்தாலும் முதலில் குடிக்கலாம் என்று புதுத் தலைவரான காட்டெருமை அறிவித்தது. பன்றிகள் மகிழ்ச்சியில் உறுமின.

மறுநாள் ஊற்றைத் தோண்டிய பன்றிகளே முதலில் வாய் வைத்தன. அன்று மாலையே இரண்டாவது கூட்டம் கூடியது.

"சமத்துவம் சரி. சுத்தம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?" என்றது நரி. "சேற்றுக்காலோடு யாரும் ஊற்றில் இறங்கக் கூடாது. யானையே வந்தாலும் இதுதான் சட்டம்."

"தோண்டுகிறவள் காலில் சேறு இல்லாமல் சந்தனமா இருக்கும்?" என்று கேட்டது சடைச்சி என்கிற பெண்பன்றி.

"கழுவிக்கொண்டு வாம்மா. யார் வேண்டாம் என்றது?"

"கழுவத் தண்ணீர்?"

"அது உங்கள் சொந்த விஷயம்" என்றது நரி.

சடைச்சியின் அண்ணன் பெயர் கோரையன். மறுநாள் நரி அதைத் தன்னிடம் வரச்சொன்னது.

"வாங்க கோரையன், உட்காருங்க."

எந்தப் பன்றியையும் அதுவரை யாரும் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று கோரையன் திரும்பிப் பார்த்தது.

"சட்டம் பன்றிகளுக்கு விரோதம் என்று சிலர் பேசுகிறார்கள்" என்றது நரி. "அதனால் கால் பார்க்கிற பொறுப்பை ஒரு பன்றிக்கே கொடுக்கலாம் என்று தலைவர் நினைக்கிறார். நீங்கள் தோண்ட வேண்டாம். பாறைமேல் நின்றால் போதும். தண்ணீர் தலைவருக்கு அடுத்து உங்களுக்குத்தான்."

கோரையன் யோசித்தது. நம்மில் ஒருவன் மேலே போனால் மற்றவர்களையும் தூக்கிவிடலாம். இது கோரையன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம். தெளிந்த தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். அது சொல்லிக்கொள்ளாத காரணம்.

பாறைமேல் நின்று கோரையன் கால் பார்த்தது. மான்களின் காலில் புழுதி இருந்தது. புழுதி சேறாகாது என்று விட்டுவிட்டது. பன்றிகளின் காலில் சேறே இருந்தது. அவற்றைக் கடைசியில் நிறுத்தியது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் சடைச்சி தன் கடைக்குட்டியை முட்டி முட்டி நடத்திக்கொண்டு வந்தது.

"அண்ணே, சின்னவனுக்கு நாக்கு வறண்டுபோச்சு. எனக்கும் பால் இல்லை. அவன் தோண்டக்கூட இல்லை, விடு."

கோரையன் குனிந்து பார்த்தது. "காலில் சேறு இருக்கிறதே."

"என் மடியில் கிடக்கிற பிள்ளை. என் சேறு அவன்மேல் ஒட்டாதா?"

"சட்டம் எல்லாருக்கும் பொது, சடைச்சி. நான் மேலே வரவில்லையா? முயற்சி செய்தால் நீயும் வரலாம்."

"எங்கே வருவது? அந்தப் பாறையில் ஒரு பன்றி நிற்கத்தான் இடம் இருக்கு."

காட்டெருமை இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது பார்ப்பதைக் கோரையன் பார்த்தது.

"கடைசிக்குப் போ!" என்றது.

சடைச்சி கடைசிக்குப் போகவில்லை. பன்றிகளை எல்லாம் கூட்டிக்கொண்டு ஆற்றின் வளைவைத் தாண்டிப் போனது. அங்கே புது ஊற்று தோண்டினார்கள். சின்னவன் குடித்துப் பிழைத்தான். அதில் தாய்மாமனுக்குப் பங்கில்லை.

ஆற்று மணல் நிற்காது. அன்றாடம் தோண்டாவிட்டால் ஊற்று மூடிக்கொள்ளும். மறுநாள் காலையில் பழைய ஊற்று இருந்த இடத்தில் மணல் இருந்தது. மற்ற மிருகங்கள் பன்றிகளின் ஊற்றுக்கும் போக முடியாது. அது சேற்றுக்கால் பட்ட தண்ணீர். தாங்கள் போட்ட சட்டத்தைத் தாங்களே மதிக்கவேண்டியிருந்தது.

"ஏய் பன்றி" என்றது நரி. "நின்று வேடிக்கையா பார்க்கிறாய்? இறங்கித் தோண்டு."

கோரையன் தனியாக உச்சிவெயில் வரை தோண்டியது. கொஞ்சம் தண்ணீர் சுரந்தது. காட்டெருமை குடித்தது. மான்கள் குடித்தன. கோரையன் வாயைக் கொண்டுபோனபோது நரி பாறைமேல் ஏறி நின்றிருந்தது.

"காலைக் காட்டு" என்றது.

கோரையன் ஆற்றின் வளைவுக்கு நடந்தது. அங்கே வரிசை இல்லை. பாறையும் இல்லை.

"தாகமா இருக்கு, தங்கச்சி" என்றது.

சடைச்சி அதை ஏற இறங்கப் பார்த்தது. "குடி. விடிந்ததும் தோண்ட வந்துவிடு."

கோரையன் ஊற்றருகே போனது. அங்கே குடித்துக்கொண்டிருந்த சின்னவன் நிமிர்ந்து பார்த்தான். வந்தது மாமன் என்று தெரிந்ததும் சட்டென்று உட்கார்ந்து, கால்களை வயிற்றுக்கு அடியில் ஒளித்துக்கொண்டான்.

நீதி: நம்மைக் கீழே நிறுத்த நினைக்கிறவர்கள்தான் நம்மில் ஒருவனை மேலே கூப்பிடுவார்கள், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று ஏறுவதற்கு முன்னால் கேள்.