முத்துப்பேச்சி பிரிட்ஜை விடல

ஒரு ஊர்ல ஒரு முத்துப்பேச்சி இருந்தா. அவகிட்ட ஒரு பிரிட்ஜ் இருந்துச்சு. ம் கொட்டுறியா? ம்... சரி.

பழைய பிரிட்ஜுதான், கதவோரம் துரு. அதுலதான் பாலை உறைய வச்சு, பள்ளிக்கூட வாசல்ல பால் ஐஸ் விப்பா. புருஷன் செத்தப்புறம் அவளுக்குச் சோறு போட்டதே அந்தப் பொட்டிதான். அவ அண்ணன் சுடலைமணிக்கு இது பிடிக்கல. தனியா என்ன யாவாரம், எங்க வீட்டுக்கு வந்துருன்னு அரிச்சுக்கிட்டே இருப்பான். பாசமா? ஒண்ணுங் கிடையாது. அவன் வீட்டு அடுப்படிக்கு ஆள் வேணும். இது அவளுக்குத் தெரியாதா? பொட்டி ஓடுற வரைக்கும் வரமாட்டேன்னு சொல்லிப்புட்டா.

அப்புறம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்துச்சு. மேளம் டண்டணக்கு டண்டணக்கு, தெரு முழுக்கக் கலர் பல்பு. அன்னைக்குன்னு பாத்து கரண்டு போயிருச்சு. கோயில் வாசல்ல ஜெனரேட்டர் தடதடதடன்னு ஓடுது. தெருவே அவ பிரிட்ஜுலதான பாலும் பூவும் மாவும் வச்சிருக்கு? அதனால கமிட்டிக்காரங்க அவ வீட்டுக்கும் ஒரு ஒயரை இழுத்துக் குடுத்தாங்க. அவளும் சந்தோசமா சொருகிட்டா.

அங்கதான் தப்பு. பல்பு, ரேடியோ செட்டு, சமையக்காரர் கிரைண்டர் எல்லாமே அந்த ஒத்த ஜெனரேட்டர்லதான். கிரைண்டர் கர்ர்ர்னு சுத்துனா பல்பெல்லாம் மங்கிப்போவும். பிரிட்ஜு உர்... உர்...னு மூச்சு வாங்கும். கொடை முடிஞ்சுது, கரண்டும் வந்துச்சு. பிரிட்ஜு மட்டும் குளுரல. ம்?

அப்போ தெருவே கூடிருச்சு. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கதவை டப்புனு தொறக்காங்க, கைய விட்டுப் பாக்காங்க, உச்சுக் கொட்டுறாங்க. மிச்சமிருந்த குளிரும் அப்படியே போச்சு. அவங்கவங்க பாலையும் மாவையும் எடுத்துக்கிட்டு, இதை எடைக்குப் போட்டுருன்னு புத்தி வேற சொன்னாங்க. அவளுக்கு வந்துச்சு பாரு கோவம்.

"குளுந்தப்போ தெருவுக்கே பொட்டி, கெட்டுப்போனா என் பொட்டியா? தள்ளுங்க."

அண்ணன்காரனுக்குச் சேதி போச்சு. ஞாயித்துக்கிழமை வண்டியோட வாரேன், பொட்டி பழைய இரும்புக்கு, நீ நம்ம வீட்டுக்குன்னு சொல்லி அனுப்பிட்டான். முத்துப்பேச்சி சேலையை இழுத்துச் சொருகிட்டா.

மொதல்ல கதவைத் தொறந்து பாத்தா. உள்ள லைட்டு பளிச்சுன்னு எரியுது. அப்போ கரண்டு பொட்டிக்குள்ள வருது.

அப்புறம் பிளக்கைப் புடுங்கிட்டு, பின்பக்கம் ஒட்டடையெல்லாம் தட்டி, சூடு ஆறட்டும்னு விட்டா. மறுபடி சொருகி, காதை வச்சுக் கேட்டா. ம்ம்ம்ம்... டக். சத்தமே இல்ல. கொஞ்சம் பொறுத்து மறுபடி, ம்ம்ம்ம்... டக். எந்திரிக்கப் பாக்குது, முடியல.

மூணாவதா மெக்கானிக் பீர்மைதீனுக்குப் போன் போட்டா. அவரு வரக்கூட இல்ல. ஜெனரேட்டர்ல ஓட்டுனியா, அப்போ மோட்டார் போயிருக்கும், தூக்கிப் போட்டுரும்மான்னுட்டாரு. அவ விறுவிறுன்னு பஸ் ஏறி அவரு கடை வாசல்லயே போய் நின்னுட்டா.

"செத்தது முனங்குமா அண்ணாச்சி? என் பொட்டி முனங்குது. வந்து கேளுங்க, அப்புறம் சொல்லுங்க."

நீங்க வராம நான் நகர மாட்டேன்னு நின்னா, மனுசன் என்ன செய்வாரு? சனிக்கிழமை ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. பிளக்கைப் புடுங்கிட்டு, மோட்டார் ஓரமா இருந்த ஒரு சின்ன கறுப்புச் சாமானைக் கழட்டி, காதுகிட்ட வச்சு ஆட்டுனாரு. கலகல கலகலன்னுது. உள்ள எரிஞ்சு ஒடைஞ்சு கெடக்கு. அதுக்குப் பேரு ரிலே. மோட்டார் கெளம்பும்போது முதுகுல ஒரு தள்ளு தள்ளி விடுறது அதுதான். ஜெனரேட்டர் கரண்டு ஏறி எறங்குனதுல அது கருகிப் போச்சு. மோட்டாருக்கு ஒண்ணும் ஆகல. அவரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டே புதுசு ஒண்ணை மாட்டுனாரு. சொருகுனாங்க. க்ளிக்... உர்ர்ர்ர்ர்ர். முத்துப்பேச்சி அழுதுட்டா, தெரியுமா? அழுதுக்கிட்டே பாலை அடுப்புல ஏத்துனா.

ஞாயித்துக்கிழமை டர்ர்ர்னு வண்டி வந்துச்சு. அண்ணன் எறங்குனான். அவ அவன் கையில கல்லு மாதிரி உறைஞ்ச ஒரு பால் ஐஸை வச்சா.

"சாப்பிட்டுட்டு வண்டியைத் திருப்புண்ணே."

பல்லு கூசக் கூசத் தின்னான். வண்டியும் காலியாவே திரும்பிப் போச்சு.

அடுத்த கொடை வந்துச்சு, மறுபடி கரண்டு போச்சு. கமிட்டிக்காரங்க ஒயரைத் தூக்கிட்டு வந்தாங்க. முத்துப்பேச்சி பிளக்கைப் புடுங்கிக் கையில வச்சுக்கிட்டு, கதவைத் தாம்புக்கயித்தால கட்டி, முன்னால நாற்காலியப் போட்டு உக்காந்துட்டா. வெளிச்சமெல்லாம் அம்மனுக்கே இருக்கட்டும், என் பொட்டி என் கரண்டுலதான் ஓடும்னுட்டா. பாலை எடுக்கணும், பூவை எடுக்கணும்னு தெருவே கெஞ்சுச்சு. அவ அசையல. கரண்டு வந்து கயித்தை அவுத்தா, பாலும் பூவும் மாவும் சில்லுன்னு அப்படியே இருந்துச்சு.

ம்? ஏன் கண்ணு, முழிச்சு முழிச்சுப் பாக்க? கதவைத் தொறந்தா குளிர் போயிரும், கண்ணைத் தொறந்தா தூக்கம் போயிரும். கதையைக் கயிறு போட்டுக் கட்டியாச்சு. கண்ணை மூடு.