மேல வீட்டுக் கோமதிநாயகமும் கீழ வீட்டுக் கோமதிநாயகமும்

ஆவணக் காப்பகத்தில் பழைய கட்டுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள எப்சிபா டீச்சரிடம் வந்து சேர்ந்தார் கோமதிநாயகம். குருவுக்கு நாற்பது வயது, கல்லூரியில் வரலாறு நடத்துபவர். சீடருக்கு அறுபத்திரண்டு, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். மீட்டர் படித்தே காலம் தள்ளிய மனிதருக்குப் பழைய கையெழுத்து பிடிபடவில்லை. முதல் நாள் ஒரு பக்கத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தார். டீச்சரும் சிரிக்காமல் பொறுத்துக்கொண்டார்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். அவருடைய தாத்தாவின் தாத்தா, வெள்ளக் காலத்தில் குளத்துக் கரையை வெட்டிவிட்டவரா, இல்லையா?

“மக கல்யாணம் நிக்குது டீச்சர். கரையை வெட்டுன வம்சத்துல பொண்ணெடுக்க மாட்டோம்னு கீழூர்க்காரங்க சொல்லுதாங்க. அன்னைக்கு அவங்க ஊரையே தண்ணி கொண்டு போச்சாம்.”

“பையன் என்ன சொல்லுதான்?”

“அவனுக்குச் சம்மதம்தான். அவன் பெரியப்பாதான் விட மாட்டேங்கிறாரு. உங்காளு இல்லன்னு எழுத்துல காட்டுங்க, நாளைக்கே பூ வச்சிருவோங்கிறாரு. கோகிலா சரியாச் சாப்பிட்டே நாளாச்சு.”

டீச்சர் சீட்டு எழுதிக் கொடுத்து, வெள்ளத்துக்குப் பிறகு நடந்த விசாரணைக் கட்டை வரவழைத்தார். இருவரும் சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். படித்து முடித்தபோது சீடருக்குத் தலை சுற்றியது.

அவர் குடும்பத்தில் தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். வெள்ளத்துக்கு முந்தைய தலைமுறையில் ஓர் அண்ணனும் தம்பியும் தங்கள் தலைப்பிள்ளைக்கு அப்பா பெயரையே வைத்திருக்கிறார்கள். விளைவு, ஒரே வெள்ளத்தில் இரண்டு கோமதிநாயகம். மேல வீட்டுக் கோமதிநாயகம் தன் ஊர் மூழ்காமல் இருக்கக் கரையை வெட்டினார். கீழ வீட்டுக் கோமதிநாயகம், வெட்டாதே என்று அவர் காலில் விழுந்தார். அப்படியும் இந்த ஊரும் தப்பவில்லை. மிஞ்சியவர்கள் மேட்டுக்குப் போய்ப் புதிதாக வீடு கட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு எது மேல வீடு, எது கீழ வீடு என்று சொல்ல இன்று ஆளில்லை.

“நான் எந்த வீடு டீச்சர்?”

“இதுல இல்ல அண்ணாச்சி. விசாரிச்சவரு அப்பா பேரைக் கேக்கவே இல்ல.”

“வெட்டுனவன் பேரும் என் பேரு, காலைப் பிடிச்சவன் பேரும் என் பேரு. இப்படியே போனா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்.”

“நத்தக் கணக்குன்னு ஒரு கட்டு இருக்கு. எந்த வீட்டுமனை யாரோடது, அவரு வாரிசு யாருன்னு எழுதி வச்சிருக்கும். கேட்டிருக்கேன். சாப்பிட்டுட்டு வந்தா எடுத்து வச்சிருப்பாங்க.”

கோமதிநாயகத்துக்கு உயிர் வந்தது. வராந்தாவில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார். புளியோதரையும் பருப்புத் துவையலும் இருந்தன. டீச்சருக்கும் பாதி எடுத்து வைத்தார்.

“யாரு கைப்பக்குவம்? வீட்டுல அம்மா இல்லன்னீங்களே.”

“அவ போய்ச் சேந்து வருஷமாச்சு. இது பிச்சம்மா கட்டிக் கொடுத்தது. அடுத்த வீடு. பங்காளித் தம்பி பொண்டாட்டி. அவனும் இப்ப இல்ல.”

“பிள்ளைங்க?”

“மலர்னு ஒரு பொண்ணு. நர்ஸுக்குப் படிச்சு முடிச்சிருக்கு. கோகிலாவும் அதுவும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்ததுங்க. இதுக்கு முடிஞ்சா அதுக்கும் பாக்கணும்.”

“பங்காளின்னா, எந்த வழி?”

“அதான் டீச்சர், அந்த இன்னொரு கோமதிநாயகம் வழி.” துவையலைத் தொட்டுக்கொண்டே சொன்னார். “அவளும் ரொம்ப நம்பிக்கையா இருக்கா. நம்ம பழி இன்னைக்காவது தீரட்டும் அத்தான்னு சொல்லித்தான் இதைக் கையில கொடுத்தா.”

டீச்சர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

திரும்பி வந்தபோது மேசையில் கட்டு இருந்தது. சிவப்புத் துணியில் சுற்றி, நாடா போட்டுக் கட்டியிருந்தார்கள். கோமதிநாயகம் அவசரமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

“அவிழுங்க டீச்சர்.”

டீச்சர் முடிச்சின் மேல் கையை வைத்தார்.

“வெட்டுனவரு ஒருத்தரு, தடுத்தவரு ஒருத்தரு. ஒருத்தரு கோகிலாவுக்கு, இன்னொருத்தரு மலருக்கு. யாருக்கு எவரு வரணும்னு சொல்லுங்க அண்ணாச்சி, அவிழ்க்கேன்.”

கோமதிநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.