இழைக்கு வாயுக் கோளாறு

கொக்கிமலைச் சுரங்கப்பாதையில் காவலுக்கு இருந்த நாலு பேரும் கெட்டவர்கள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்கிறவர்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அவர்களில் மூத்தவர் சடையாண்டி. வெள்ளிக்கிழமை அவர் மகள் சுகப்பிரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மலைக்கு அந்தப் பக்கம்; கல்யாணப் பந்தல் இந்தப் பக்கம், சுரங்க வாசலுக்கு எதிரிலேயே. சுரங்கம் வழியாக வந்தால் கால் மணி நேரம், மலையைச் சுற்றி வந்தால் அரை நாள். முகூர்த்தமோ பத்தரைக்குள். சுரங்கம் அன்றைக்கு மூடிக்கொள்ளக் கூடாதே என்பது ஒன்றுதான் மனுஷனுக்குக் கவலை.

புதன்கிழமை எஞ்சினியரம்மா நிறைமதி வந்து, சுரங்கத்துச் சுவர் நெடுக ஓர் இழையைப் பதித்துவிட்டு நாலு பேரையும் கூப்பிட்டார்.

“இது கண்ணாடி இழை. தலைமுடி கனம்தான். உள்ளே வெளிச்சம் ஓடிக்கிட்டே இருக்கும். மலை துளி நகர்ந்து இழை இழுபட்டாலும் சரி, சூடு ஏறினாலும் சரி, திரும்பி வர்ற வெளிச்சம் மாறிரும். வாயு இருந்தாலும் காட்டிக் குடுத்துரும். இந்தப் பெட்டியில மூணு முள்ளு இருக்கு, இழுப்புக்கு ஒண்ணு, சூட்டுக்கு ஒண்ணு, வாயுவுக்கு ஒண்ணு. எது சிவப்பைத் தொட்டாலும் சங்கு ஊதி ரெண்டு பக்கக் கதவும் மூடிக்கும். மனுசனுக்கு நரம்பு மாதிரின்னு வச்சுக்கங்க. பக்குவமாப் பாத்துக்கங்க.”

அந்தம்மா ஜீப் ஏறியதும், காவலாளி மொக்கராசு மீந்துபோன இழைத்துண்டு ஒன்றைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“கண்ணாடின்னாக. மூஞ்சி தெரியலையே?”

“உனக்கு அகல மூஞ்சி. முடி கனத்துல எப்படிக் கொள்ளும்? ஒல்லியான ஆளு பாக்கணும்” என்றார் பவுன்ராசு.

நாலு பேரில் ஒல்லி வீருச்சின்னு. அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மூக்கு நுனி மட்டும் தெரிகிறது என்றார். எல்லோருக்கும் திருப்தி.

வியாழன் மத்தியானம் சூட்டு முள் கொஞ்சம் ஏறியது. சித்திரை வெயிலில் ஏறாமல் என்ன செய்யும்? மொக்கராசு முள்ளைக் காட்டிக் கத்தினார்.

“காய்ச்சல்! நெத்தியில ஈரத்துணி போடணும்.”

“சுரங்கத்துக்கு நெத்தி எதுய்யா?”

“வாய்க்கு மேல எது இருக்கோ அது நெத்தி.”

சடையாண்டி மகள் கல்யாணத்துக்கு எடுத்த புது வேட்டியையே நனைத்து, ஏணி வைத்து, நுழைவாயில் வளைவின் மேல் ஒட்டிவிட்டு வந்தார். சாயங்காலம் வெயில் தாழ்ந்தது, முள்ளும் இறங்கியது. நாலு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. பால் லாரி ஒன்று புகை கக்கிக்கொண்டு போனது. மூன்றாவது முள் லேசாக ஆடியது.

“வாயு!” என்று அலறினார் சடையாண்டி. “போச்சு, என் மக கல்யாணம் போச்சு! ராத்திரி நாம அதுக்கு என்ன குடுத்தோம்?”

“ஒண்ணுமே குடுக்கலையே.”

“அதான்யா! வெறும் வயித்துலதான் வாயு சேரும்.”

சுக்குக் கசாயம்தான் மருந்து என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே ஊற்றுவது என்பதில்தான் வந்தது. வயிறு நடுவில்தான் இருக்கும் என்று மொக்கராசு அடித்துச் சொன்னார். ஆறிய கசாயம் கேட்காது, கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும் என்றார் பவுன்ராசு. ஆகவே நட்டநடுச் சுரங்கத்தில் மூன்று கல்லைக் கூட்டி, கல்யாண அண்டாவை ஏற்றி, ஈர விறகைப் பற்ற வைத்தார்கள்.

புகை சும்மா இருக்குமா? சூட்டு முள்ளும் வாயு முள்ளும் போட்டி போட்டுக்கொண்டு சிவப்புக்கு ஓடின. சங்கு ஊதியது. நாலு பேரும் இருமிக்கொண்டே வெளியே விழவும் கதவு மூடவும் சரியாக இருந்தது. அந்தப் பக்கம் மாப்பிள்ளை வேன் அப்போதுதான் வந்து நின்றிருந்தது.

சடையாண்டி எஞ்சினியரம்மாவுக்குப் போன் போட்டார். “அம்மா, கசாயம் குடுக்கிறதுக்குள்ள வாயை மூடிக்கிருச்சு!”

விஷயம் புரிய அந்தம்மாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே ஆள் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டபின் சொன்னார்: “சுரங்கத்துல மாட்டின காத்தாடி தானா ஓடிப் புகையை வெளிய தள்ளிரும். முள்ளு இறங்கினா கதவும் திறந்துக்கும். நீங்க எதையும் தொடாதீங்க. நான் வர்ற வரைக்கும் சத்தமில்லாம இருங்க!”

பத்து மணிக்குக் கதவு திறந்தது. அணைந்துபோன அடுப்பைச் சுற்றிக்கொண்டு வேன் வந்தது. எஞ்சினியரம்மா இன்னும் வந்து சேராததால், சடையாண்டி வாயில் விரலை வைத்துக்கொண்டே சம்பந்தியை வரவேற்றார். பந்தல் முழுக்க உஷ், உஷ். கெட்டிமேளம் என்று யாரோ வாய் திறக்க, பவுன்ராசு பாய்ந்து தவில்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை தவமணி தாலியைக் கையில் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார்.

“கட்டுங்க மாப்ள” என்று காதில் கெஞ்சினார் சடையாண்டி. “பத்து நிமிசம்தான் இருக்கு.”

“மேளச் சத்தம் கேட்டதும் கட்டுடான்னு எங்கப்பா சொல்லியிருக்காரு. இன்னும் கேக்கலையே மாமா.”

அட, நம்ம ஆளு! அந்த அவசரத்திலும் சடையாண்டிக்கு மனசு குளிர்ந்துபோனது. சொன்ன சொல் தட்டாத பிள்ளை. ஆனால் இங்கே சத்தம் போடக் கூடாது. சத்தம் இல்லாமல் மாப்பிள்ளை கட்டமாட்டார். நேரமோ ஓடுகிறது.

“சத்தத்தைத் தூரமாக் கொண்டுபோயிருவோம்” என்றார் வீருச்சின்னு.

தவில்காரரைத் தவிலோடு தூக்கிக்கொண்டு அரைக் கிலோமீட்டர் தள்ளி வாய்க்கால் மடைக்கு ஓடினார்கள். அங்கே வாசித்தார். பந்தலில் கேட்கவில்லை. உடனே சம்பந்தியோடு மாப்பிள்ளையையும் அங்கே கொண்டுபோனார்கள். சத்தம் கேட்க வேண்டியது அவர்தானே! பொண்ணு எதற்கு? அது பந்தலிலேயே தலை குனிந்து காத்திருந்தது.

தவில் முழங்கியது. கேட்ட மாத்திரத்தில் தவமணி குனிந்து, கையிலிருந்த தாலியை எதிரே இருந்த தவிலுக்குக் கட்டி மூணு முடிச்சும் போட்டார். மணி பத்து இருபத்தெட்டு.

“நேரம் தப்பலைய்யா!” என்று சடையாண்டி சம்பந்தியைக் கட்டிக்கொண்டு அழுதார். மற்ற மூன்று பேரும் அட்சதை தூவினார்கள்.

தவில்காரர் மட்டும் திருதிருவென்று விழித்தார். “ஐயா, சாயங்காலம் எனக்கு இன்னொரு கல்யாணம் இருக்கு. தவிலை எடுத்துக்கிட்டுப் போறேனே?”

சடையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இனிமே எங்கிட்டக் கேட்டா எப்படிப்பா? கட்டிக் குடுத்தாச்சு. மாப்பிள்ளை வீட்ல கேளு.”