கப்பலைத் தூக்கிய இஞ்சி பிஸ்கட் வீடு

தூத்துக்குடியில் கஸ்பார் மோத்தா வாயைத் திறந்தால் அவர் பெண்சாதி மெர்சிலின் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். ஆள் நல்லவர்தான். இருபத்திரண்டு வருசம் கப்பலில் சமையல்காரராக இருந்துவிட்டு, மூன்று வருசமாகக் கரையில் பேக்கரி வைத்திருக்கிறார். கை வேலை சுத்தம். வாய்தான் சொன்ன பேச்சு கேட்காது. யாராவது நம்பாமல் "அப்படியா" என்று இழுத்துவிட்டால் போதும், சொன்ன பொய்யின் மேல் இன்னொரு மாடி எழுப்பிவிடுவார்.

அன்று காலை கடைக்கு இருதயமேரி டீச்சர் வந்திருந்தார். மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுப்பவர், பாடகர் குழுவும் அவர் கையில்தான். ஜெர்மனியில் படித்துத் திரும்பிய சின்னச் சாமியார், பங்குச் சாமியாருக்கு உதவியாக இருப்பவர், இந்தக் கிறிஸ்துமஸுக்கு வைக்கோல் குடில் வேண்டாம், அங்கே செய்கிற மாதிரி இஞ்சி பிஸ்கட்டிலேயே வீடு கட்டி அதற்குள் பாலன் இயேசுவை வைப்போம், பிறகு பிள்ளைகள் உடைத்துத் தின்னட்டும் என்று சொல்லிவிட்டார். யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியது டீச்சர். அடுத்த தெருவில் புதிதாகக் கடை போட்டவரும் கேட்டிருந்தார்.

மெர்சிலினுக்கு இந்த ஆர்டர் எப்படியாவது வேண்டும். கடையில் வியாபாரம் மந்தம். கோயில் குடில் இவர்கள் கை வேலை என்று ஊர் பார்த்துவிட்டால் கடை நிமிர்ந்துவிடும். இல்லையென்றால் ஜனவரியில் மறுபடி கப்பலுக்கே போகிறேன் என்று கஸ்பார் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு கிறிஸ்துமஸைப் புருசன் இல்லாமல் கழித்தவள் அவள். இன்னொன்றை அப்படிக் கழிக்க அவளுக்குத் தெம்பில்லை. அதனால் விடிந்ததுமே, "டீச்சர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாதீங்க" என்று மாதா மேல் சத்தியம் வாங்கி வைத்திருந்தாள்.

"தம்பி, இதுக்கு முன்னால இஞ்சி பிஸ்கட் வீடு கட்டியிருக்கீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"கட்டியிருக்கேன் டீச்சர். ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்துல, கப்பல்ல வச்சு. நாலு சுவர், ஒரு கூரை."

மெர்சிலின் மூச்சு விட்டாள். காலையில் சுட்ட இஞ்சி பிஸ்கட்டில் பத்தைத் தட்டில் அடுக்கி டீச்சர் முன்னால் வைத்தாள். அத்தோடு நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் பெஞ்சில் வியாகுலம் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் முப்பது வருசம் கிரேன் ஓட்டி ரிட்டயரானவர். பன்னை டீயில் முக்கிக்கொண்டே, "நாலு சுவர்தானா? அதை என் பேத்தியே கட்டுவாளே" என்றார்.

கஸ்பாரின் காது மடல் சிவந்தது. மெர்சிலின் கண்ணைக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை.

"நாலு சுவர்னு டீச்சருக்காகச் சுருக்கிச் சொன்னேன் அண்ணாச்சி. மொத்தம் ஏழு மாடி. சீனிப் பாகு காய்ச்சி ஊத்தி ஜன்னலுக்குக் கண்ணாடி, வறுக்கி ரொட்டி அடுக்கிப் படிக்கட்டு. கப்பல் ஆளுகளுக்கு மேஸ்திரி, எங்க செராங், ஏழாவது மாடியில பாய் விரிச்சுப் படுத்தான். மழைக்கு ஒழுகாது, நக்குனாத்தான் ஒழுகும்."

"ஏல, பிஸ்கட்டு எப்படி ஏழு மாடி நிக்கும்? சிமெண்டு போட்டியா?"

"கஞ்சா போட்டேன்."

மெர்சிலின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. டீச்சர் வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கட்டை நிறுத்தி, திருப்பிப் பார்த்து, மோந்து பார்த்து, பிறகு கடித்தார்.

"பதறாதீங்க டீச்சர்" என்றார் கஸ்பார். "அந்த ஊர்ல அது நம்ம கருவேப்பிலை மாதிரி, கடையில வச்சு விப்பான். எங்க கேப்டன் டச்சுக்காரன். வெளிய பனி கொட்டுது, பயலுவ எல்லாம் வீட்டை நினைச்சு அழுதுட்டுக் கிடக்கானுவ. 'கஸ்பார், இவனுகளைச் சிரிக்க வை'ன்னு கேப்டன் ஒரு சாக்கைக் கொண்டாந்து போட்டான்."

"ஒரு சாக்கா?"

"சாக்குன்னா சொன்னேன்? லாரி. மாவு பிசைய அண்டா பத்தாம லைஃப் போட்டை இறக்கி அதுல வச்சுப் பிசைஞ்சேன். அதை அடுப்புல ஏத்தினதும் கிளம்பிச்சு பாருங்க ஒரு வாசனை, மேல பறந்த கடல் காக்கா எல்லாம் பின்பக்கமாப் பறக்க ஆரம்பிச்சிட்டு. துறைமுகத்து மோப்ப நாய் பதினாலும் ஓடி வந்துச்சு. எங்களைப் பிடிக்க வந்த நாய் எல்லாம் பிஸ்கட்டு வீட்டு வாசல்ல வரிசையா உக்காந்து அல்லேலூயா பாடுச்சு."

டீச்சர் அடுத்த பிஸ்கட்டை எடுத்தார். "எந்த ராகத்துல?"

"அது லத்தீன்ல பாடுச்சு டீச்சர், எனக்கு விளங்கலை. ஆனா ஒண்ணுகூட சுதி விலகலை. நம்ம பாடகர் குழுவைக் குறை சொல்லலை, உள்ளதைச் சொல்லுதேன்."

போச்சு, எல்லாம் போச்சு என்று மெர்சிலினுக்கு அழுகை முட்டியது. கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து, "இந்தாங்க, அடுப்பைப் பாருங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அடுப்பைக் காலையிலேயே அணைத்தாயிற்று என்று அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அண்ணாச்சி சீண்டிய பிறகு அவர் வாயில் வந்த ஒரே உண்மை அதுதான்.

"அதெல்லாம் பெரிசில்ல அண்ணாச்சி. சாயங்காலம் பயலுவ எல்லாம் ஆளுக்கொரு ஓடு பிச்சுத் தின்னானுவ. சிரிக்க ஆரம்பிச்சானுவ. சிரிச்ச சிரிப்புல கப்பல் லேசாகி, தண்ணிய விட்டு எந்திரிச்சிட்டு. நங்கூரம் அந்தரத்துல தொங்குது. கீழ அந்த ஊர்க்காரன் எல்லாம் குடையைப் பிடிச்சுக்கிட்டுப் பாக்கான்."

வியாகுலம் அண்ணாச்சி டீ கிளாசைக் கீழே வைத்தார். பாரம் தூக்குகிற விசயத்தில் அவரிடம் யாரும் விளையாட முடியாது. "கப்பல் எத்தனை டன்லே?"

"சரக்கோட நாப்பதாயிரம்."

"நான் ஓட்டுன கிரேனே நாப்பது டன்தாம்லே தூக்கும்."

"உங்க கிரேன் பிஸ்கட்டு திங்கலையே அண்ணாச்சி."

அண்ணாச்சி விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அதில் தப்பு கண்டுபிடிக்க முடியாமல், "சரி, எப்படி இறக்குன?" என்று கேட்டார்.

"வீடு கப்பல்ல இருக்கிற வரைக்கும் இறங்காதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மாடி மாடியாத் தின்னு தீர்க்கச் சொன்னேன். ஒரு மாடி தின்னா ஒரு பனை உசரம் இறங்கும். துருக்கி மேல அஞ்சாவது மாடி, அரபிக்கடல் மேல ரெண்டாவது மாடி. கடைசி வாசப்படியைக் கேப்டன் தின்னு முடிக்கவும் கப்பல் பூ மாதிரி தண்ணில உக்காந்துச்சு. எங்கன்னு நினைக்கீங்க? நம்ம தூத்துக்குடி துறைமுகத்துல."

"முப்பது வருசம் அங்கதான நின்னேன், நான் பாக்கலையே."

"கிறிஸ்துமஸ் அண்ணாச்சி. நீங்க அன்னைக்கு லீவு."

அதுவரை பொறுத்திருந்த மெர்சிலினுக்கு அதற்குமேல் முடியவில்லை. பொய் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. "கிறிஸ்துமஸ் அன்னைக்கு துறைமுகம் வரைக்கும் வந்துட்டு வீட்டுக்கு ஏன் வரலை?"

கஸ்பார் அண்ணாச்சியை விட்டுத் திரும்பினார். அவளை ஒரு பார்வை பார்த்தார். "வரணும்னுதான் நின்னேன் மெர்சி" என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. "கேட் பாஸ் தரமாட்டேன்னுட்டான்."

டீச்சர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தம்பி, நான் ஒண்ணு கேக்கேன். இந்தக் கதை உண்மைன்னா, கஞ்சா போட்ட கையில எங்க பிள்ளைகளுக்குப் பலகாரம் செய்யச் சொல்லி நான் சாமியார் முன்னால போய் நிக்க முடியாது. பொய்யின்னா, நீங்க இதுவரைக்கும் பிஸ்கட் வீடே கட்டினதில்ல. இதுல எதுன்னு நீங்களே சொல்லிருங்க."

மெர்சிலின் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள். ஜனவரியில் அவர் தூக்கிக்கொண்டு போகப்போகிற நீலப் பெட்டி பரண் மேல் இருப்பது ஞாபகம் வந்தது. கஸ்பாரும் அவளைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து சொன்ன பொய்யை அவர் திரும்ப வாங்கி அவள் கண்டதில்லை. அன்றைக்கு வாங்கினார்.

"டீச்சர், வீடு கட்டினது உண்மை" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. "கஞ்சா போட்டது மட்டும் பொய். வேணும்னா மாதா மேல சத்தியம். அந்த இலையை நான் கண்ணால பார்த்ததுகூட இல்லை."

மெர்சிலினுக்குக் கண் நிறைந்துவிட்டது. வியாகுலம் அண்ணாச்சி மட்டும் விடவில்லை. "கஞ்சா இல்லைன்னா அப்போ கப்பல் எப்படிலே எந்திரிச்சிச்சு?"

கஸ்பார் தலை நிமிர்ந்தது. மெர்சிலின் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"சோடா உப்பு ஒரு சிட்டிகை கூடிட்டு அண்ணாச்சி."

டீச்சர் தட்டைப் பார்த்தார். பத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வீட்டை நீங்களே கட்டுங்க தம்பி" என்றார். "சோடா உப்பை மட்டும் மெர்சி போடட்டும். கோயில் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."