முந்நூறு சாடிகள்

வணிகர் குழு எந்த அயல்நாட்டுத் துறைமுகத்தில் பண்டகசாலை கட்ட நினைத்தாலும் முதலில் நீலியம்மையை அனுப்பும். அம்மை அங்கே பத்து நாள் தங்குவார். திரும்பி வந்து "கட்டலாம்" என்பார், இல்லையென்றால் "வேண்டாம்" என்பார். அதற்குப் பிறகு குழுவில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

சாத்தப்பன் அம்மையின் மாணவர். வயதில் அம்மையைவிட ஆறு ஆண்டு மூத்தவர். அவர் தம்பி தூர தேசம் ஒன்றில் கட்டிய பண்டகசாலையை, அந்நாட்டு அரசன் ஒரே ஆணையில் எடுத்துக்கொண்டான். ஊர் திரும்பிய தம்பி அதன்பின் கடையைத் திறக்கவே இல்லை. அந்த வருடம்தான் சாத்தப்பன் அம்மையிடம் வந்தார்.

"எந்த அரசை நம்பலாம் என்று சொல்லித் தாருங்கள், அம்மை."

"எனக்கே தெரியாதே. கூட வாரும், பார்ப்போம்."

இந்த முறை கப்பலில் நாற்பது தேக்குத் தூண்கள் இருந்தன. பதினொரு குடும்பங்கள் சேர்ந்து வாங்கியவை. தன் பங்குக்காகச் சாத்தப்பன் இரண்டு படகுகளை விற்றிருந்தார். கிழக்கே இருந்த இரண்டு தீவுகளில் ஒன்றில் இந்தத் தூண்களை நட வேண்டும்.

"பொன் என்றால் இடுப்பில் முடிந்துகொண்டு ஓடி வந்துவிடலாம். நட்ட தூணைப் பிடுங்கிக்கொண்டு ஓட முடியுமா?" என்றார் சாத்தப்பன்.

"அதற்குத்தான் உம்மை அழைத்து வந்தேன். பயந்தவர் நன்றாகப் பார்ப்பார்."

முதல் தீவில் மேளம் கொட்டி வரவேற்றார்கள். அமைச்சர் படித்துறைக்கே வந்தார். பத்து ஆண்டுக்குச் சுங்கம் கிடையாது, நிலம் இலவசம், துறையில் முதல் இடம். சாத்தப்பன் கேட்காததையும் அமைச்சர் சேர்த்துக் கொடுத்தார். மறுநாள் காலையிலேயே அரச முத்திரையோடு செப்பேடு வந்துவிட்டது.

சாத்தப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அம்மை அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இங்கே ஏதோ பழைய எழுத்து தெரிகிறதே?"

"ஓ, அதுவா!" அமைச்சர் சிரித்தார். "முந்தைய அரசர் யாருக்கோ எழுதிக் கொடுத்தது. தட்டிச் சமமாக்கி எழுதச் சொன்னேன். செம்பு விற்கிற விலை தெரியும்தானே, அம்மா?"

சாத்தப்பனும் சேர்ந்து சிரித்தார். சிக்கனமான அரசு என்று அவருக்குப் பிடித்துப்போயிற்று.

பத்தாம் நாள் முடிந்ததும் அம்மை, "அடுத்த தீவையும் பார்ப்போம்" என்றார்.

அங்கே மேளம் இல்லை. இரண்டு வருடமாக மழையும் இல்லை. அரண்மனைக் கூரையில் பாதி ஓடு, பாதி ஓலை. அரசி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர், கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பத்தில் ஒரு பங்கு சுங்கம்" என்றார்.

"பக்கத்துத் தீவில் சுங்கமே வேண்டாம் என்கிறார்கள், தாயே," என்றார் சாத்தப்பன். "எங்களுக்காகக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?"

"உமக்குக் குறைக்கலாம். போன வருடம் வந்து பத்தில் ஒன்றைக் கட்டியவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?"

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

நீலியம்மை அரசியை வணங்கினார். எந்த அரண்மனையிலும் அவர் அவ்வளவு குனிந்து சாத்தப்பன் பார்த்ததில்லை.

ஆனாலும் சாத்தப்பனுக்கு மனம் ஒப்பவில்லை. மீதி நாட்களில் துறையைச் சுற்றி வந்தார். சந்தையில் தானியம் இல்லை. ஆட்களுக்குக் கன்னம் ஒட்டியிருந்தது. எட்டாம் நாள், கடற்கரையில் பூட்டிய கொட்டகை ஒன்றைக் கண்டு அம்மையைக் கூட்டிவந்தார். வாசலில் காவலர் ஒருவர் அவித்த கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க. ஆளுக்குப் பாதி போதுமா?" என்று நீட்டினார்.

"வேண்டாம் ஐயா. உள்ளே என்ன?"

"பேரீச்சை. முந்நூறு சாடி. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மேற்குக் கப்பல் பாறையில் உடைந்தது. அதில் வந்தது."

உடைந்த கப்பலின் சரக்கு கரைக்கு உரிய அரசனைச் சேரும் என்பதுதான் சாத்தப்பன் கண்ட எல்லா நாட்டிலும் வழக்கம். "அப்படியானால் அரசியுடையதுதானே?"

"இல்லை. கப்பல்காரருடையது."

"அவர் இருக்கிறாரா?"

"யார் கண்டது? மகன் வருவான். இல்லையென்றால் பேரன் வருவான்."

காவலர் கதவைத் திறந்து காட்டினார். எல்லாச் சாடியின் வாயிலும் மெழுகு அப்படியே இருந்தது. ஒன்று மட்டும் விரிசல் விட்டு, பழங்கள் தரையில் சிந்திக் காய்ந்து கிடந்தன. காவலர் துடைப்பத்தால் எறும்புகளை ஓட்டினார்.

"இதுகளுக்கு மட்டும் ஆணை புரிய மாட்டேன் என்கிறது."

"ஊரே பட்டினி கிடக்கிறது," என்றார் சாத்தப்பன். "திறக்கச் சொல்லி அரசி ஒரு வார்த்தை சொன்னால்?"

"திறந்துதான் ஆக வேண்டும். தடுக்க யார் இருக்கிறார்கள்? அதனால்தான் அரசி இந்தப் பக்கமே வருவதில்லை. பார்த்தால் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறதாம்." காவலர் கதவைச் சாத்தினார். "எங்கள் ஆள் என்பதற்காகச் சொல்லவில்லை. ரொம்பக் கஷ்டமான பெண்பிள்ளை."

அம்மை அவருக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தார். "அந்தப் பாதிக் கிழங்கைக் கொடுங்கள்" என்று வாங்கித் தின்றார்.

பத்தாம் நாள் காற்று திரும்பத் தொடங்கியது. அம்மை மாலுமிகளைக் கூப்பிட்டு, "தூண்களை இங்கேயே இறக்குங்கள்" என்றார்.

சாத்தப்பன் ஓடி வந்தார். கையில் செப்பேடு இருந்தது.

"அம்மை, கொஞ்சம் பொறுங்கள். இது ஏழை நாடு. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு நம் சரக்கில் கை வைப்பார்கள். என் தம்பிக்கு நடந்தது போதாதா? பதினொரு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

அம்மை செப்பேட்டை வாங்கி, பழைய எழுத்து இருந்த பின்பக்கத்தை மேலாகத் திருப்பி அவர் கையிலேயே வைத்தார்.

முதல் தூண் அலையில் விழுந்து கரையை நோக்கி மிதந்தது. கொட்டகைக் காவலர் யாரும் கேட்காமலே தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்தார்.

"அங்கே செப்பேடு இருக்கிறது, அம்மை," என்றார் சாத்தப்பன். "இங்கே என்ன இருக்கிறது?"

"பசி இருக்கிறது," என்றார் அம்மை. "சாடியும் மூடியே இருக்கிறது."